போன் நல்லாத்தான் இருக்கு

பெங்களூரிலிருந்து சேலம் போகும் லாரிகள் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாயில் இறங்கத் தொடங்குகின்றன. டீக்கடையோ பஞ்சர் கடையோ, வண்டி எங்கே நின்றாலும் ஓட்டுநரின் கை முதலில் தேடுவது செல்போனைத்தான். பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. ஆர்.சி. புக்கும் லைசென்ஸும் டிஜிலாக்கருக்குள் போய்விட்டன. டீசல் காசும் பேட்டாவும் ஜிபேயில் வருகின்றன. அடுத்த லோடு எங்கே என்பதும் வாட்ஸ்அப்பில்தான் தெரியவரும். போன் அணைந்துவிட்டால் பிழைப்பே நின்றுபோகும்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் “போன் எப்படி இருக்கு, எப்ப மாத்தப்போறீங்க?” என்று கேட்டால், இந்தப் பக்கம் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: “நல்லாத்தான் இருக்குதுங்க. சார்ஜ்தான் நிக்க மாட்டேங்குது.”

புதுப் போனுக்கு ஆள் தயார் என்று இந்தப் பதிலை எடுத்துக்கொள்வது எனக்குத் தவறாகப் படுகிறது. முதல் வாக்கியத்தில் இருப்பது திருப்தி. இரண்டாவதில் இருப்பது ஒரே ஒரு உதிரிபாகத்தைப் பற்றிய குறை. அந்த ஒரு குறைக்காக முழு போனையும் தூக்கிப்போட்டு, மாதத் தவணையில் இன்னொன்றை வாங்க வைக்கும் ஏற்பாட்டைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

நெடுஞ்சாலையில் பிழைப்பவரின் போனில் பேட்டரி சீக்கிரம் போவதற்குக் காரணம் உண்டு. லித்தியம் அயன் பேட்டரிக்கு முதல் எதிரி வெப்பம். ஏப்ரல், மே வெயிலில் லாரியின் முன்கண்ணாடிக்குப் பின்னால், மேப் ஓடிக்கொண்டிருக்க, சார்ஜரும் செருகியபடி இருக்க, போன் பகல் முழுக்கக் காய்கிறது. மலை மறைத்துச் சிக்னல் மெலியும் இடங்களில் டவரை எட்டிப் பிடிக்க அது கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. முழுதாக 500 முறை ஏற்றி இறக்கினால் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும் என்பது பல போன்களுக்கு நெடுநாள் சொல்லப்பட்ட கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் சார்ஜ் போடுகிறவருக்கு அது ஒன்றரை ஆண்டுகூட வராது.

பேட்டரி தேய்வது இயற்கை. தேய்ந்ததை நாமே மாற்ற முடியாமல் போனதுதான் அநியாயம். 2003இல் வந்த நோக்கியா 1100 பலருக்கு நினைவிருக்கும். பின்மூடியை நகத்தால் தள்ளி, பேட்டரியை எடுத்து, பெட்டிக்கடையில் வாங்கிய வேறொன்றைப் போட ஒரு நிமிடம் போதும். இன்றைய போன் பசை போட்டு மூடப்பட்டிருக்கிறது. ஊர் செல்போன் கடைக்காரர் அதைச் சூடு காட்டிப் பெயர்த்தெடுக்க வேண்டும். டிஸ்பிளே விரிசல் விட்டால் அதுவும் அவர் தலையில் விழும். கம்பெனி பேட்டரி அவர் கைக்கு எளிதில் கிடைக்காது. சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்தோ வரும் சரக்கில் எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று அவருக்கே உறுதி இராது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமானால் தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும்.

பேட்டரி மலிவாகக் கிடைத்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு உலகளவில் ஒரு சாட்சி உண்டு. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. கண்டனம் கிளம்பியதும், பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக 2018 முழுவதும் குறைத்தது. 2019 ஜனவரி 2 அன்று அதன் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புது ஐபோன் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லாததற்குச் சொன்ன காரணங்களில் இந்த மலிவான பேட்டரி மாற்றமும் ஒன்று. கையில் உள்ள போன் போதும் என்று அமெரிக்கரும் நினைக்கிறார், நம் லாரிக்காரரும் நினைக்கிறார்.

பேட்டரி நன்றாக இருந்தாலும் போனைக் காலாவதியாக்க மென்பொருள் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு கிட்கேட் போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது. வங்கிச் செயலிகளும் பழைய ஆண்ட்ராய்டை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. அரசும் தன் பங்குக்குப் போனைக் கேட்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் தவிர மற்ற இடங்களில், நாளுக்கு இரண்டு முறை படத்துடன் செயலியில் வருகை பதியச் சொன்னார்கள். வேலைக்கு வந்த பெண்களின் கூலி, யாரோ ஒருவர் கையில் உள்ள போனில் ஸ்டோரேஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்பதில் போய் நின்றது. இப்படிக் கட்டாயப்படுத்தி வாங்க வைப்பதை ஆசைக்குப் போன் மாற்றுவதோடு சேர்த்து எண்ணக் கூடாது.

வீடுகளில் போன் மாறும் விதமும் வேறு. வெளியே போய்ச் சம்பாதிப்பவருக்குப் புதுசு. அவருடைய பழையது அம்மாவுக்கு. அதற்கு முந்தையது பிள்ளைகளுக்கு. 2020இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது கடன் வாங்கியாவது முதல் டச் போன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அந்தப் போன்களில் பல இன்னமும் விரிசல் விட்ட கண்ணாடியோடு யாரோ ஒருவருக்கு உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 2022 அக்டோபரில் 5ஜி வந்ததோடு ஒரு சுற்று விளம்பரம் ஓடியது. ஆனால் பணம் அனுப்பவும் வீடியோ காலில் பேரனைப் பார்க்கவும் 4ஜி போதும். 2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணம் ஏறிய பிறகு, போனுக்கு ஒதுக்கும் காசு ரீசார்ஜுக்கே போய்விடுகிறது.

கையில் உள்ள போனைச் சரிசெய்து வைத்துக்கொள்ள வழி கேட்பதில் நமக்குக் கூடுதல் உரிமை உண்டு என்பேன். இதே நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஓசூர். அதை அடுத்துள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உடற்பகுதி தயாராகிறது; ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரியும் நம் தருமபுரியும் 2004 வரை ஒரே மாவட்டம். போன் செய்யத் தெரிந்த மண்ணில் போனைப் பழுதுபார்க்க உதிரிபாகம் கிடைக்காது என்பதை எப்படி ஏற்பது?

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்துகிறது. 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை நின்ற பின்னும் ஏழு ஆண்டு உதிரிபாகமும் ஐந்து ஆண்டு மென்பொருள் அப்டேட்டும் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கினார்கள். ஒவ்வொரு போனையும் எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று மதிப்பெண் இட்டு வாங்குபவர் கண்ணில் படும்படி காட்ட வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறையின் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே தேங்கிவிடக் கூடாது. கட்டாயச் சட்டமாகி, எம்.ஆர்.பி. விலைக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும், தமிழிலும். கூகுளும் சாம்சங்கும் தங்கள் விலை உயர்ந்த மாடல்களுக்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக 2023, 2024இல் அறிவித்தன. பத்தாயிரம் ரூபாய்க்குப் போன் வாங்குகிறவருக்கும் அந்த ஆயுள் வேண்டும். அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கடையில் மெகாபிக்சல் கேட்பதற்கு முன், பேட்டரி மாற்ற என்ன செலவு, செக்யூரிட்டி அப்டேட் எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் அவசரப்பட்டு வாங்காதீர்கள். கையில் உள்ள போன் மந்தமானால் முதலில் வாட்ஸ்அப்பில் குவிந்த படங்களையும் வீடியோக்களையும் அழித்துப் பாருங்கள். சார்ஜ் நிற்காவிட்டால் தெரிந்த கடையில் பில்லோடு பேட்டரியை மாற்றுங்கள். லாரியில் போனை வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். உப்பிப்போன பேட்டரியை மட்டும் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாதீர்கள், அது தீப்பிடிக்கலாம்.