காற்றில் இயங்கும் மென்விரல்கள்

விறைப்பான உலோக ரோபோ கை ஒரு பொருளைப் பிடிக்க, அதன் வடிவையும் இருப்பிடத்தையும் துல்லியமாகக் கணக்கிட வேண்டும். கணக்குப் பிசகினால் பொருள் நழுவும், அல்லது நசுங்கும். மென் ரோபோ கையின் விரல்கள் சிலிகான் ரப்பரால் ஆனவை. ஒரு பக்கம் நீளாத துணி பதித்திருப்பதால், உள்ளே காற்றைச் செலுத்தியதும் அந்தப் பக்கமாக மடங்கி, பொருளின் வடிவுக்கேற்பப் படிந்துகொள்கின்றன. ஜெர்மனியின் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஆர்பிஓ கை 3’, எந்த உணர்கருவியின் உதவியும் இன்றி, முன்பே வகுத்த காற்றழுத்த மாற்றங்களைக் கொண்டே கனசதுரக் கட்டையைக் கைக்குள் சுழற்றியது. 2021இல் வெளியான இந்த ஆய்வில், அதே அசைவுகள் வேறு அளவும் எடையும் கொண்ட கட்டைகளுக்கும் பொருந்தின. கணினி போட வேண்டிய கணக்கில் பெரும்பகுதியை விரல்களின் மென்மையே ஏற்றுக்கொள்கிறது.