பிறை ஏன் படுத்திருக்கிறது? தம்பி தங்கைக்கு வானத்தையும் பூமியையும் இணையத்தில் காட்டும் முன் கவனிக்க வேண்டியவை

ஜூலை மாதம் நெருங்கினால் குடும்ப வாட்சாப் குழுவில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகிறதாம். அதற்கு 'அபீலியன்' என்று பெயராம். அதனால் ஆகஸ்ட் வரை குளிருமாம், சளி இருமல் வருமாம், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சித்தி அனுப்புவார், மாமா கீழே ஒரு கும்பிடு போடுவார். அந்த நேரம் பார்த்து நான்காம் ஆண்டு படிக்கும் தங்கை வந்து, "அண்ணா, இது உண்மையா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அபீலியன் உண்மை. செய்திதான் பொய். பூமி சூரியனைச் சுற்றும் பாதை கொஞ்சம் நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம். ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி. வித்தியாசம் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வாட்சாப் செய்தி அந்த 15.2 கோடியைச் சரியாகச் சொல்லிவிட்டு, வழக்கமான தூரம் 9 கோடி என்று ஒரு பொய்யை அதன் பக்கத்தில் வைக்கிறது. பார்த்தவுடன் பயம் வரத்தானே செய்யும்? ஆனால் அதே ஜூலையில்தான் ஐரோப்பாவில் கடுங்கோடை என்பதை யாரும் யோசிப்பதில்லை.

உங்களுக்கு இதைச் சரிபார்க்கத் தெரியும். தங்கைக்குத் தெரியாது. அவளுக்கு ஏதாவது நல்ல காணொளி காட்டலாம் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். முக்கால்வாசி அழகாகவும் இருக்கும், இலவசமாகவும் இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நான்கு பருவம் உள்ள நாடுகளில், அங்குள்ள பிள்ளைகளுக்காகச் செய்தவை. தைப்பிங்கில் ஒரு தாமான் வீட்டு வாசலில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு அந்த வானம் பொருந்தாது.

முதலில் நிலாவை எடுத்துக்கொள்வோம்

ஐந்தாம் ஆண்டு அறிவியலில் நிலாவின் வளர்பிறை, தேய்பிறை வருகிறது. இணையத்தில் உள்ள படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும், ஆங்கில எழுத்து 'சி' மாதிரி, அல்லது அதைத் திருப்பிப் போட்ட மாதிரி. தங்கை அப்படியே வரைவாள். அமாவாசை முடிந்து மூன்றாம் நாள் சாயங்காலம் வெளியே வந்து மேற்கே பார்த்தால், பிறை நிற்காது. படகு மாதிரிப் படுத்திருக்கும். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் சாயுமே தவிர, 'சி' போல நிமிர்ந்து நிற்பதை இங்கே பார்க்க முடியாது.

காரணம் எளிது. தைப்பிங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில்தான் இருக்கிறது. இங்கே சூரியனும் நிலாவும் தலைக்கு மேல் வந்து, நேராகக் கீழே இறங்குகின்றன. மறைந்த சூரியன் பிறைக்கு நேர் கீழே இருப்பதால் கீழ்ப்பக்கம் ஒளிர்கிறது. லண்டனில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அங்கே பக்கவாட்டில் ஒளிர்கிறது. நாசாவின் 'டயல் எ மூன்' பக்கத்தில் தேதியைக் கொடுத்தால் அன்றைய நிலா எப்படி இருக்கும் என்று துல்லியமாகக் காட்டும். வடகோளத்துக்கு ஒன்று, தென்கோளத்துக்கு ஒன்று என இரண்டு விதமாக வெளியிடுகிறார்கள். நாம் இரண்டுக்கும் நடுவில். கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடும்!

சிவன் தலையில் இருக்கும் பிறையை நம் ஆட்கள் எப்படி வரைகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு முனையும் மேல்நோக்கித்தான் இருக்கும். வரைந்தவர்கள் வானத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

இப்போது தங்கையிடம் "நீ வரைந்தது தப்பு" என்று சொல்லிவிட முடியாது. பாடநூலில் உள்ளதும் சரி, வானத்தில் உள்ளதும் சரி. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று அவள் கேட்டால், அதுதான் அன்றைய பாடம். கேட்காமல், "நான் பார்த்ததுதான் தப்பு போல" என்று விட்டுவிட்டால் அது நல்லதல்ல. தன் கண்ணைவிடத் திரையை நம்பப் பழகிய பிள்ளை, பத்து வருடம் கழித்து அபீலியன் செய்தியையும் நம்பும்.

ஊரைக் கேட்கும் செயலியைத் தேடுங்கள்

அதனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தத் தளம் 'நீ எங்கே இருக்கிறாய்?' என்று கேட்கிறதா? ஸ்டெல்லேரியம் கேட்கும். கணினியில் இறக்கினால் முழுக்க இலவசம், பிறகு இணையம் இல்லாமலும் ஓடும். கைப்பேசியிலும் இணைய உலாவியிலும் வேறு பதிப்புகள் உண்டு. இடம் என்ற பெட்டியில் தைப்பிங் என்று கொடுத்துவிட்டு நேரத்தை இரவு எட்டரைக்கு நகர்த்துங்கள். வீட்டு வாசலில் தெரியும் வானம் அப்படியே திரையில் வரும்.

இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. லண்டனில் இருந்து தென்சிலுவையைப் பார்க்கவே முடியாது. மெல்பர்னில் இருந்து சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களையும் முழுதாகப் பார்க்க முடியாது. மே மாத இரவில் தைப்பிங்கில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை, வடக்கே திரும்பினால் ஏழு நட்சத்திரங்கள். துருவ நட்சத்திரம் மட்டும் நமக்கு அடிவானத்திலிருந்து ஐந்து பாகை உயரத்தில்தான் இருக்கும். மரம், கட்டடம், மேகம் எல்லாம் தாண்டி அது தெரிவது கஷ்டம். 'வழி தெரியாவிட்டால் துருவ நட்சத்திரத்தைப் பார்' என்று சொல்லும் காணொளிகளை இந்த ஊரில் நம்ப வேண்டாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வேறு ஒரு திறவுகோலும் இருக்கிறது. "உன் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டால் கோயில் அர்ச்சனைக்குச் சொல்லிப் பழகியதால் டக்கென்று பதில் வரும். திருவாதிரையா? அது வேடன் கூட்டத்தில் சிவப்பாக மின்னும் பீட்டல்ஜூஸ். ரோகிணி என்றால் ஆல்டெபரான், சித்திரை என்றால் ஸ்பைகா, கேட்டை என்றால் தேளின் நடுவில் இருக்கும் அன்டாரிஸ். பிறந்த அன்று நிலா வானத்தில் அந்த நட்சத்திரத்தின் பக்கம் இருந்தது என்பதுதான் அதன் பொருள். நிலா ஒரு சுற்று முடித்து அதே நட்சத்திரத்திடம் திரும்ப 27.3 நாள் ஆகிறது. அதனால்தான் 27 நட்சத்திரம். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் வீட்டு விஷயம். ஆனால் தன் நட்சத்திரத்தை ஸ்டெல்லேரியத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அதை வெளியே போய்ப் பார்க்காத பிள்ளை இருக்காது.

கோள்களும் அப்படியே. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாம் கிழமைப் பெயரிலேயே இருக்கின்றன. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஏன் கிழமை இல்லை? இந்தக் கேள்வியைப் பிள்ளையிடமே விடுங்கள். விடை: அவை தொலைநோக்கி வந்த பிறகு, 1781-லும் 1846-லும் கண்டுபிடிக்கப்பட்டவை.

மழை ஊருக்கு மழைப் பாடம்

தைப்பிங்கில் வானம் பார்க்கச் சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், தெரியும். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் இது. சென்னையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? ஊருக்கு மேற்கே கடல், கிழக்கே சுவர் மாதிரி மலை. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று, மெக்ஸ்வெல் மலை என்று நாம் இன்னும் கூப்பிடும் புக்கிட் லாருட்டில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. மேகமாகி, ஊர் தலையிலேயே கொட்டிவிடுகிறது. பாடநூலில் நீர்ச்சுழற்சி என்று அம்புக்குறி போட்ட படமாக வருவதைத் தைப்பிங் பிள்ளை ஜன்னலைத் திறந்தாலே பார்க்கலாம்.

இதற்கு இணையத்தில் மிகப் பொருத்தமானது ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள். பெயருக்குச் சூரியகாந்தி என்று பொருள். சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நம் பக்கத்துப் பூமியைப் படம் எடுக்கிறது. படங்கள் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. காலை முதல் மதியம் வரை உள்ள படங்களை ஓட்டிப் பார்த்தால், மலைத்தொடர் மேல் மேகம் பஞ்சு பஞ்சாக முளைப்பது தெரியும். பக்கத்திலேயே மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படத்தையும் திறந்து வையுங்கள். பிறகு ஒரு நேரான பாட்டிலை வெட்டி, அடிக்கோலை ஒட்டி, வெளியே வைக்கச் சொல்லுங்கள். திரையில் பார்த்த மேகம் பாட்டிலில் எத்தனை மில்லிமீட்டர் ஆனது என்று அவளே எழுதட்டும். பாட்டிலை மறக்காமல் கவிழ்த்துவிடுங்கள், ஏடிஸ் கொசு வந்துவிடும்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பூங்காவுக்குப் போகிறோம். அது இயற்கை ஏரி இல்லை, ஈயம் தோண்டிய பள்ளம். 1880-இல் பூங்காவாக மாறியது. கருங்கல் மலைக்குள் உருவான ஈயத் தாது, மலை தேயத் தேய ஆற்றோடு கீழே வந்தது. சாதாரண மணலைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் அடியில் தங்கிவிட்டது. டூலாங் தட்டில் மணலை அலசிய பெண்கள் பிழைத்தது அந்தக் கன வித்தியாசத்தை வைத்துத்தான். கூகுள் எர்த்தில் ஈப்போ, பத்து காஜா, கம்பார் பக்கம் போய்ப் பாருங்கள், குளம் குளமாகத் தெரியும். 'டைம்லாப்ஸ்' வசதியில் 1984 முதல் அவை எப்படி மாறின என்றும் ஓட்டலாம்.

மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் லெங்கோங் பள்ளத்தாக்கு. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த இடம். சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அங்கே கோத்தா தம்பானில் கிடக்கிறது. புக்கிட் பூனோவில் 18.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்ததாக மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். டைனோசரை அழித்த மெக்சிகோ விண்கல்லைப் பற்றி எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பேராக்கில் ஒன்று என்றால் கண் விரியும்.

தமிழில் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். நாசாவின் 'ஸ்பேஸ் பிளேஸ்' சிறுவர்களுக்கு அருமையான தளம். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும்தான் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' சோதனைகளில் சில தமிழாக்கப்பட்டுள்ளன. அரவிந்த் குப்தா குப்பைப் பொருளில் செய்து காட்டும் அறிவியல் பொம்மைகளுக்குத் தமிழ்க் காணொளிகள் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இலவசமாக இறக்கலாம். சொற்கள் நம் பாடநூலோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது, அதனால் ஒரு முறை நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். நம் கல்வி அமைச்சின் டெலிமா தளம் பள்ளிக் கணக்கோடு திறக்கும்.

நேர்மையாகச் சொன்னால், நல்ல தளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசும் ஓர் அண்ணனோ அக்காவோதான் இங்கே குறை. தமிழ்ப்பள்ளியில் 'கிரகணம்' என்று படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் 'கெர்ஹானா' என்றும் 'எக்லிப்ஸ்' என்றும் கேட்கப்போகிறது. மூன்றும் ஒன்று என்று முன்னாடியே சொல்லி வைக்க உங்களால் முடியும். மொழிபெயர்ப்புச் செயலி அதைச் செய்யாது.

ஒரு நாள் நிழல் காணாமல் போகும்

தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தினர் 'நிழலில்லா நாள்' என்று பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போவார்கள். நமக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. தைப்பிங்கில் ஏப்ரல் 2-ஐ ஒட்டி, பிற்பகல் மணி 1.20-க்கு, செப்டம்பர் 10-ஐ ஒட்டி, மணி 1.14-க்கு. சமதரையில் ஒரு பாட்டிலை நிறுத்துங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி அடியிலேயே ஒளிந்துவிடும். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

உச்சிவெயில் ஏன் 12 மணிக்கு இல்லாமல் ஒன்றே காலுக்கு என்று தங்கை கேட்பாள். நம் கடிகாரம் கிழக்கே 120 பாகையில் இருக்கும் இடத்தின் நேரத்தைக் காட்டுகிறது. தைப்பிங் இருப்பதோ ஏறக்குறைய 101-இல். சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சூரியன் அதைக் கேட்கவில்லை.

செப்டம்பரில் மேகம் மறைத்துவிட்டால், ஏப்ரல் 2-ஐ நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.