அடுப்படிக் கணக்கு – 7: சிலிண்டர் ரசீது

சமையல் எரிவாயு ரசீதில் அச்சாகியிருக்கும் தொகை, சிலிண்டரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பதற்கும் சேர்த்த விலை. ஏஜென்சிக்குக் கிடைக்கும் கமிஷனிலேயே கொண்டுசேர்க்கும் செலவுக்கு ஒரு பங்கு உண்டு. மேலூர் வட்டத்துத் திருவாதவூர் ஆனாலும், மதுரை நகரத்துத் தெரு ஆனாலும், ஏஜென்சியின் விநியோக எல்லைக்குள் வீடு இருந்தால் இதே விதிதான். ரசீதுக்கு மேல் முப்பது, ஐம்பது என்று கேட்பது தமிழ்நாடெங்கும் பழகிப்போன வழக்கம். பழகியதால் அது கட்டணம் ஆகிவிடாது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்த ஐம்பது ரூபாய் ஒருநாள் காய்கறிச் செலவு. கிடங்குக்கே போய் எடுத்து வருபவருக்கோ, கொண்டுசேர்க்கும் செலவை விலையில் கழித்துத் தர வேண்டும்.

வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. ரசீது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அடிப்படை விலை 952.38, இரண்டு வரிகளும் தலா 23.81. உஜ்வலா இணைப்புக்கான மானியம் ரசீதில் கழியாது. முழுப் பணம் கட்டிய பிறகு வங்கிக் கணக்கில் வரும். 2025-26ஆம் ஆண்டுக்கு அது சிலிண்டருக்கு 300 ரூபாய், அதிகபட்சம் 9 சிலிண்டர்.

விலையைப் போலவே எடையும் ரசீதின் பகுதி. உள்ளே இருக்க வேண்டிய எரிவாயு 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை மேல்வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் எழுதியிருக்கும். அது 15.3 என்றால், தராசு 29.5 காட்ட வேண்டும். சிலிண்டர் போடுபவர் தராசு வைத்திருக்க வேண்டும். கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும். சீல் உடையாமல் இருக்கிறது என்பது எடைக்குச் சாட்சி ஆகாது. இன்னொரு பட்டையில் 'B 27' போன்ற எழுத்து இருக்கும். ஆண்டை நான்கு காலாண்டாகப் பிரித்த குறி அது: 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள்.

கைபேசிக்கு வரும் விநியோக எண்ணைச் சிலிண்டர் கைக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். முன்கூட்டிச் சொன்னால், வராத சிலிண்டரும் வந்ததாகப் பதிவாகிவிடும். புது இணைப்பு கேட்பவரை ஏஜென்சியிலேயே அடுப்பு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் விதிமீறல்.

மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கும் பொதுவான புகார் எண் 1800-2333-555. கசிவுக்கு 1906. எடைக் குறைவைத் தமிழ்நாட்டில் விசாரிப்பது தொழிலாளர் துறை. எடையளவுச் சட்டம் அதன் பொறுப்பில்தான் இருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலரிடமும், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறை நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் தாமே வாதிடலாம். ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.