உழைக்கும் உடம்பும் உயிர்காக்கும் மின்கருவியும்

மாரடைப்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும் வியாதிக்கும், நடந்துகொண்டிருக்கும் மனிதன் திடீரென்று சாய்ந்து சில நிமிஷங்களில் உயிர் விடுகின்ற இருதய நிறுத்தத்திற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல், உடம்புக்குள் பதிக்கப்படும் மின்னதிர்ச்சிக் கருவியைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனமில்லை. முன்னது இரத்தக் குழாயில் நேரும் அடைப்பு. பின்னதோ, இருதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் ஒழுங்கு தவறி, தசையானது சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே நடுங்கி, இரத்தத்தைத் தள்ளும் காரியத்தையே கைவிட்டுவிடும் நிலை. பழைய மாரடைப்பின் தழும்பினால் பலவீனப்பட்ட இருதயம் இவ்விபத்துக்குப் பெரிதும் இலக்காகிறது என்பதும் உண்மையே. அந்நிலையில் மின்னதிர்ச்சி கொடுத்தாலன்றி மீட்சியில்லை. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. வடசென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் வேளையில் எர்ணாவூரிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை அறிந்தவர்களுக்கு, அதிர்ச்சி தரும் யந்திரம் நோயாளியின் உடம்பிலேயே இருந்தாக வேண்டும் என்ற யோசனையின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த யோசனையைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டவர் வார்ஸாவில் பிறந்த மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர். தாம் மதித்த மூத்த மருத்துவர் ஒருவர் 1966இல் இத்தகைய துடிப்புக் கோளாற்றால் மாண்டதைக் கண்டு மனம் நொந்து, பலர் பரிகசித்தபோதும் விடாமல் முயன்று, 1980 பிப்ரவரியில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மனித உடம்பில் முதல் கருவி பதிக்கப்படுவதைக் கண்டார். அக்காலத்தில் அதற்கு மார்பையே பிளக்க வேண்டியிருந்தது. பிறகு, காறையெலும்பின் கீழே கருவியை வைத்து, அங்குள்ள சிரையின் வழியாகக் கம்பியை இருதயத்துக்குள் செலுத்தும் முறை வழக்கத்திற்கு வந்தது. இன்றும் பெரும்பாலோருக்குச் செய்யப்படுவது அதுவே.

அந்தக் கம்பிதான் அம்முறையின் பலவீனம். இருதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் அது வளைந்து நிமிர்கிறது. கிருமி தொற்றினால் இரத்தத்திலும் இருதய வால்விலும் பரவுகிறது. ஆண்டுக்கணக்கில் சிரையோடு ஒட்டிப்போனதை உருவி எடுக்கும் சிகிச்சையோ தன்னளவில் அபாயமானது. காறையெலும்புக்கும் முதல் விலாவெலும்புக்கும் இடையிலுள்ள சந்தில் அது செல்லும்போது, படகின் விளிம்பில் நாள்தோறும் உரசும் கயிறு நைந்துபோவதுபோல, தோளை ஓயாமல் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அவ்விடத்தில் நசுங்கி முறிவதும் உண்டு. வலை இழுப்பதும் மூட்டை தூக்குவதும் ஜீவனோபாயமாக உள்ள இப்பகுதியில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமன்று.

இதற்கு மாற்றாக வந்ததே, 2012இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற, எஸ்-ஐ.சி.டி. எனப்படும் தோலடிக் கருவி. இடது அக்குளுக்குக் கீழே விலாப்புறத்தில் கருவி. அங்கிருந்து முன்னே வந்து நெஞ்செலும்பை ஒட்டி மேலேறும் ஒரு கம்பி. இருதயத்துக்குள்ளும் சிரைக்குள்ளும் எதுவுமில்லை. தொலைவிலிருந்து அதிர்ச்சி கொடுக்க வேண்டியிருப்பதால், சிரைவழிக் கருவி அதிகபட்சம் சுமார் 40 ஜூல் கொடுக்குமிடத்தில் இது 80 ஜூல் கொடுக்கிறது. கருவியும் சற்றுப் பெரிது. இதைவிட முக்கியமான குறை, மெதுவாகத் துடிக்கும் இருதயத்தை இது பேஸ்மேக்கரைப் போலத் தொடர்ந்து இயக்காது என்பதும், வேகமாக ஓடும் துடிப்பைச் சில வேளைகளில் வலியின்றி அடக்கவல்ல நுண்ணிய தூண்டல்கள் இதன் வசம் இல்லை என்பதும் ஆகும். ஆகவே அவற்றை வேண்டுவோருக்கு இது பொருந்தாது.

இரண்டில் எது மேல்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாக 849 நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி, சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்த ப்ரிடோரியன் என்னும் ஆராய்ச்சியின் முடிவு 2020இல் வெளியாயிற்று. கருவியால் நேர்ந்த சிக்கல்களையும் தேவையற்ற அதிர்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால், தோலடிக் கருவி பெற்றவர்களில் 15.1 சதவிகிதம், சிரைவழிக் கருவி பெற்றவர்களில் 15.7 சதவிகிதம்: தோலடிக் கருவி பின்தங்கிவிடவில்லை என்று நிபுணர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கென்னவோ இந்தக் கூட்டுத்தொகை விஷயத்தை மறைப்பதாகவே தோன்றுகிறது. பிரித்துப் பார்த்தால், சிக்கல்கள் தோலடிக் கருவியில் 5.9 சதவிகிதமும் மற்றதில் 9.8 சதவிகிதமும்; தேவையற்ற அதிர்ச்சியோ முறையே 9.7, 7.3 சதவிகிதம். ஒன்று கம்பியால் துன்புறுத்துகிறது, மற்றொன்று தவறான அதிர்ச்சியால். இவ்விரு துன்பங்களையும் ஒரே தட்டில் போட்டு நிறுப்பதைவிட, எந்தத் துன்பம் எந்த மனிதனுக்கு அதிகம் என்று கேட்பதே விவேகம்.

தேவையற்ற அதிர்ச்சி எப்படி வருகிறது? தோலடியிலிருந்து கேட்கும் கருவி, ஒரே துடிப்பை இரண்டாக எண்ணிவிடக்கூடும். மார்புத் தசைகள் கடுமையாக உழைக்கும்போது எழும் மின்னதிர்வை இருதயத்தினுடையதென்று மயங்கவும் கூடும். எனவேதான் பதிப்பதற்கு முன் நோயாளியைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ஈ.சி.ஜி. எடுத்துத் தகுதி பார்க்கிறார்கள். புதிய மாதிரிகளில் இத்தவறு வெகுவாகக் குறைந்திருக்கிறது: 2021இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், 18 மாத காலத்தில் 95.9 சதவிகிதத்தினர் தேவையற்ற அதிர்ச்சி ஒன்றுமின்றியே கழித்தனர். ஆனால் வலை இழுப்பவனின் தோளைக் கம்பி முறிவிலிருந்து காப்பாற்றும் கருவியே அவனுடைய மார்புத் தசையின் உழைப்பால் ஏமாறக்கூடும் என்பதை மறந்துவிடலாகாது. கம்பியும் குற்றமற்றதன்று, தோலடிக் கம்பியில் ஒரு மாதிரி அபூர்வமாக முறியக்கூடும் என்று 2020 டிசம்பரில் அதன் தயாரிப்பாளரான பாஸ்டன் சயன்டிபிக் நிறுவனமே மருத்துவர்களை எச்சரித்தது.

தொழிலைப் பற்றிய கேள்வி இதோடு நிற்பதில்லை. பட்டறைகளில் வெல்டிங் செய்பவர் எந்த வகைக் கருவி பெற்றவராயினும், 160 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை அணுகலாகாது என்பதும், அதற்குக் குறைந்ததிலும் கேபிளை மார்பிலிருந்து இரண்டடி தள்ளி வைக்க வேண்டும் என்பதும் பொதுவான விதி. பழைய இரும்பைத் தூக்கும் பெருங்காந்தம் இன்னும் விசேஷமானது: வலுவான காந்தம் அருகிலிருக்கும் வரையில் கருவி அதிர்ச்சி தராமலே அடங்கிக் கிடக்கும். பிரிட்டனில் இக்கருவி பெற்றவருக்குக் கனரக வாகன உரிமம் கிடையாது. துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் ஒருவருக்கு இந்த விவரத்தைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்துச் சொல்லாதிருப்பது, வைத்திய தர்மத்தில் ஒரு குறை என்றே கருதுகிறேன். மெட்ரோ நிலையத்தின் சோதனை வாயிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அதில் சாய்ந்து நிற்காமல் நடந்துவிட்டால் போதும்.

ஒருமுறை ஷாக் அடித்து உடம்பு சௌக்கியமாயிருந்தால் மருத்துவருக்குத் தெரிவித்தால் போதும். அடுத்தடுத்து அடித்தாலோ, மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஷாக் அடிக்கும் நேரத்தில் நோயாளியைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு இலேசான சுரீரென்ற உணர்ச்சி தோன்றலாம், தீங்கு வராது. பேட்டரி தீரும்போதும் கம்பியில் கோளாறு நேரும்போதும் தோலடிக் கருவி பீப் என்று ஒலி எழுப்பும். விசைப்படகின் என்ஜின் இரைச்சலில் அது காதில் விழப்போவதில்லை, எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் பின் அவ்வொலி அடங்கிப்போவதும் உண்டு. ஆகையால் அந்த ஒலியை நம்பியிராமல், மருத்துவர் குறித்த தவணையில் கருவியைக் காட்டிச் சோதித்துவரவேண்டும். பல நாட்கள் கடலில் தங்குகிறவர்கள் படகேறுவதற்கு முன்னரே அத்தவணையை முடித்துக்கொள்வது நலம்.