'சர்வர் டவுன்' என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உட்காருகிறீர்கள். ஓடிபி வந்தது, பணமும் கட்டியாச்சு. அப்புறம் திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கேட்டால், "சர்வர் டவுன், நாளைக்குப் பாருங்க" என்கிறார்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகிடாதா என்று நமக்குத் தோன்றும். பல நேரம் சரியாகிவிடும்தான். ஆனால் கெட்டுப்போனது ஃபைல் சிஸ்டம் என்றால், அவசரப்பட்டால் உள்ளதும் போய்விடும்.

ஃபைல் சிஸ்டம் என்பது டிஸ்க்கில் எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று காட்டும் பதிவேடு. ரெக்கார்டு ரூமில் கட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கு, இண்டெக்ஸ் நோட்டு மட்டும் கிழிஞ்சு போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரமோ டிஸ்க் இணைப்போ போனால் இந்த நிலை வரும். இதற்காகவே ஈஎக்ஸ்டி4 போன்ற ஃபைல் சிஸ்டங்கள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் 'ஜர்னல்' என்ற இடத்தில் குறித்து வைக்கின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இருப்பதும் பெரும்பாலும் இதுவோ இதன் உறவுக்காரரோதான்.

ஜர்னலும் கைகொடுக்காதபோதுதான் ஆட்கள் ராத்திரி கண் விழிக்க வேண்டும். பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பயன்படுத்தும் மெயின்ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360-ன் வாரிசுகள் இவை. ஒரே பெட்டிக்குள் 'இசட்/விஎம்' என்ற மென்பொருள் நூற்றுக்கணக்கான லினக்ஸ் சர்வர்களை ஓட்ட முடியும். அதில் ஒன்று படுத்துவிட்டால், அதற்கென்று தனியாகத் திரையும் கீபோர்டும் கிடையாது. இருக்கும் கன்சோல் வரிவரியாகத்தான் பேசும். வழக்கமான எடிட்டரைக்கூட அதில் திறக்க முடியாது. அதனால் படுத்த சர்வரை முழுசா நிறுத்திவிட்டு, அதன் டிஸ்க்கை நல்ல நிலையில் இருக்கும் பக்கத்து சர்வரோடு இணைத்து அங்கிருந்து பழுது பார்ப்பார்கள். மெயின்ஃபிரேமில் இது சில கட்டளைகளில் முடிகிற வேலை. டிஸ்க்கைக் கழற்றி மாட்ட வேண்டியதே இல்லை.

முதல் வேலை, டிஸ்க்கை நகல் எடுப்பது. பிறகு எதையும் மாற்றாமல் சேதத்தை மட்டும் கணக்கெடுப்பார்கள். அதற்கப்புறம்தான் 'எஃப்எஸ்சிகே' என்ற கட்டளையால் சரிசெய்வது. பயன்பாட்டில் இருக்கும் டிஸ்க்கில் இதை ஓட்டினால் சேதம் கூடிவிடும். முகப்புப் பதிவு அழிந்திருந்தால், டிஸ்க்கின் வேறு இடங்களில் அதன் நகல்கள் இருக்கும், அதிலிருந்து மீட்கலாம். பெயர் தொலைந்த கோப்புகள் வெறும் எண்ணோடு தனி ஃபோல்டரில் வந்து விழும். அது யாருடைய விண்ணப்பம், எந்தப் பட்டியல் என்று ஒருவர் திறந்து திறந்து பார்க்கணும். நேரம் போவது இங்கேதான்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுகிறோமே, போதாதா? போதாது. தப்பு எழுதினால் அந்தத் தப்பும் இரண்டிலும் பதிவாகும். காப்பாற்றுவது நேற்றைய பேக்கப்தான். நேற்றிரவுக்கும் பழுதுக்கும் நடுவே நடந்த பரிவர்த்தனைகளை டேட்டாபேஸின் லாக்கிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும்.

உங்கள் பணம் மாட்டியிருப்பது அந்த இடைவெளியில்தான். உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். வங்கிக் குறுஞ்செய்தி, பரிவர்த்தனை எண், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள். கடைசித் தேதி தாண்டிப்போனால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். யூபிஐ-யில் பணம் கழிந்து, பெறுபவர் பக்கம் உறுதியாகவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பணம் துறையின் கணக்கில் சேர்ந்துவிட்டிருந்தால் இந்த விதி வராது. அப்போது பரிவர்த்தனை எண்ணோடு அந்தத் துறையின் உதவி மையத்தில்தான் கேட்கணும்.