போய்ப் பார்த்தவர் வகுக்கும் பயணம்

எங்கள் ஊரான இண்டூர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலையில் இருக்கிறது. எனவே சுற்றுலாப் பயணிகளைப் பார்க்க நாங்கள் எங்கும் செல்ல வேண்டியதில்லை. தேநீர்க் கடை வாசலில் நின்றாலே போதும். வண்டியை நிறுத்தி அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "பரிசல் ஓடுதா?" என்பதுதான்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், சென்னையிலிருந்து வந்த வேன் ஒன்று அவ்வாறு நின்றது. அதில் ஒரு குடும்பம். அவர்களுள் மூத்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கையில் ஒரு பயண நிறுவனம் அச்சிட்டுத் தந்த நிகழ்ச்சி நிரல். அதில் "காலை 10 மணி – பரிசல் சவாரி" என்றிருந்தது. நீர்வரத்து கூடியதால் பரிசல் நிறுத்தப்பட்டு மூன்று நாள் ஆயிற்று என்றேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே. வெள்ளம் எங்கிருந்துப்பா வரும்?" என்றார்.

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுக்கு மிகுந்த மழை தருவது ஐப்பசி, கார்த்திகைப் பருவம். மழைக் கணக்கை மட்டும் புரட்டுகிறவனுக்கு ஆடி மாதம் ஒகேனக்கல்லுக்கு ஏற்ற காலமாகவே தோன்றும். ஆனால் இங்கே ஓடுவது நம் மழை அன்று. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கிருஷ்ணராஜ சாகரும் கபினி அணையும் நிரம்பினால், திறந்துவிடும் நீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல்லுக்கு வந்து சேர்கிறது. தருமபுரியில் வெயில் காயும். ஆற்றில் வெள்ளம் புரளும். பிலிகுண்டுலுவில் அளக்கும் கன அடிக் கணக்கைக் கொண்டே, பரிசலும் குளியலும் அனுமதிக்கப்படுவதும் தடுக்கப்படுவதும். நிரலை அச்சிட்டவர் ஆடியில் ஒரு முறை இங்கே வந்து நின்றிருந்தால் அந்தப் பத்து மணி வரியை எழுதியிருக்க மாட்டார்.

அன்று முதல் இந்தப் பயண நிறுவனங்களின் வேலை முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். இவற்றில் இரண்டு வகை உண்டு. கடையில் தொங்கும் ஆயத்தச் சட்டையைப் போல, எல்லோருக்கும் ஒரே பயணத்தை விற்பது ஒரு வகை. அளவெடுத்துத் தைப்பது மற்றொன்று. இந்த இரண்டாம் வகையில் அளவு இரு பக்கமும் எடுக்க வேண்டும். வருகிறவரின் வயது, முழங்கால் வலி, உணவு, ஆசை ஆகியவை ஒரு பக்கம். ஊரின் படிகள், பாதை, விடுதி, பருவம் ஆகியவை மறுபக்கம். முதலாவதைத் தொலைபேசியில் கேட்டு அறியலாம். இரண்டாவதற்கு நடந்துதான் ஆக வேண்டும். ஆகவே நல்ல நிறுவனங்கள் தம் பணியாளரை முன்னதாக அனுப்பி, அந்த விடுதியில் உறங்கி, அந்தச் சாலையில் சென்று, நேரத்தைக் குறித்து வரச் செய்கின்றன.

இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டம் அழைத்துச் சென்றது எல்லோரும் சொல்லும் செய்தி. எனக்குப் பிடித்தது 1845-இல் அவர் செய்தது. லிவர்ப்பூல் பயணத்தை விற்பதற்கு முன் தாமே அவ்வழியில் சென்று, தங்குமிடங்களைப் பேசி முடித்து, பயணிகளுக்கு ஒரு கையேடும் எழுதினார். ஜெர்மனியில் வழிகாட்டி நூல்கள் வெளியிட்ட கார்ல் பெடெக்கர் இன்னும் ஒரு படி மேல். மிலான் தேவாலயத்தில் ஏறும்போது, இருபது படிக்கு ஒரு பட்டாணி வீதம் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றிப் படிகளை எண்ணினார் என்று ஒரு கதை உண்டு.

இதைப் பார்த்து நாம் வியக்க வேண்டியதில்லை. நம்மிடம் ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. பரிசில் பெற்று வந்தவன், பெறப் போகிறவனுக்கு வழி சொல்வது. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. அது காட்டும் நன்னனின் ஊர் நமக்கு அடுத்திருக்கும் செங்கம். எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும், எங்கே வழுக்கும் என்றெல்லாம் அதில் வருகிறது. நன்னனைப் புகழ்வது நோக்கமாயினும், கல் விழும் இடத்தை மறைக்காமல் சொல்கிறதே, அதுதான் போய் வந்தவனின் குரல். இக்காலத்தில் விடுதிக்காரர்களே பயண முகவர்களை விருந்தினராக அழைத்து ஊர் சுற்றிக் காட்டுவது உண்டு. அப்படி வந்தவருக்கு நல்ல அறையும் நல்ல சாப்பாடும் மட்டுமே தென்படும் என்பது என் எண்ணம். காசு கொடுத்துத் தங்கியவனுக்குத்தான் ஒழுகும் குழாய் தெரியும்.

தேநீர்க் கடைக்குத் திரும்புகிறேன். தமிழாசிரியரின் முகம் வாடியதைக் காணப் பொறுக்காமல், "ஐயா, பார்வைக் கோபுரத்திலிருந்து வெள்ளத்தைப் பாருங்கள். திரும்பும்போது அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். பழைய ஓவியங்கள் இருக்கின்றன" என்றேன். அவர் மகிழ்ந்து என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் ஒன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. "தம்பி, கோயில் நடை சாத்தியிருக்கு. நீ இந்தக் கோயிலுக்கு உள்ளே போயிருக்கியா?"

நான் போனதில்லை. சேலம் பேருந்தில் செல்லும்போது ஊரின் பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கிறேன். ஓவியங்களைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், அவ்வளவே. அச்சிட்ட தாளை நான் குறை கூறி நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. "இல்லைங்க ஐயா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அவர் கோபிக்கவில்லை, அதுதான் அதிகமாக உறுத்தியது.

அடுத்த ஞாயிறு காலை அங்கே சென்றேன். மகாமண்டப விதானத்தில் பாரதக் காட்சிகளும் இராமாயணக் காட்சிகளும் இருக்கின்றன. அண்ணாந்தே பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது. அந்த வயதில் அவர் நின்றபடி பார்ப்பது கடினம். தரையில் அமர்ந்து தூணில் சாய்ந்து பார்ப்பதே வசதி. வெளிச்சம் காலையில் நன்றாக இருக்கிறது. இவற்றை எழுதிக்கொண்டு வந்து அன்று மாலையே அவருக்குச் சொன்னேன்.

"சரிப்பா, மறுபடி எப்ப வரலாம்?"

"தை மாதம் வாருங்கள், ஐயா. ஆற்றில் வேகம் தணிந்திருக்கும்."

"தையில நீ போயிருக்கியா?"

"ஆண்டுதோறும் காணும் பொங்கலுக்குப் போகிறோம், ஐயா. அன்று மட்டும் வராதீர்கள். பரிசல் துறையில் நிற்க இடம் இருக்காது. அதற்கு அடுத்த வாரம், காலையில் கோயில், பிறகு பரிசல். புறப்படும் முன் நாள் இரவு என்னைக் கூப்பிடுங்கள், நீர்வரத்தைக் கேட்டுச் சொல்கிறேன்."