ஆற்று நீரும் கணிப்பொறி அறிவும்: நிலைபேறான செயற்கை நுண்ணறிவு உருவாக்கத்தில் பல்கலைக்கழகங்களின் பங்கு

முன்னுரை

சிலாங்கூர் ஆறு ஃபிரேசர் மலைப் பகுதியில் தோன்றி, கோலகுபு பாரு, பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோலசிலாங்கூரில் கடலுடன் கலக்கிறது. அதன் இருமருங்கும் தோட்டத் தமிழர் முதலில் ரப்பரையும் பின்னர் செம்பனையையும் பேணி வளர்த்தனர். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர ஒளிரும் மின்மினிகள் இவ்வாற்றை நம்பியே வாழ்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதியும் இவ்வாற்று நீரே. 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டபோது, பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட குடிநீர் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. இத்தகைய நீர்வளத்தின்மீது செயற்கை நுண்ணறிவு சுமத்தக்கூடிய சுமையையும், அதனைக் குறைப்பதில் பல்கலைக்கழகங்கள், குறிப்பாகத் தமிழ்த் துறைகள், ஆற்றக்கூடிய பணியையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தோட்ட நிலத்தில் தரவு மையம்

செயற்கை நுண்ணறிவு கண்ணுக்குப் புலப்படாத ஒன்றெனக் கருதப்படுவதுண்டு. உண்மையில் அது தரவு மையம் எனப்படும் பெருங்கட்டடங்களில் இயங்குகிறது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, 2024ஆம் ஆண்டில் உலகத் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரத்தை நுகர்ந்தன. இது உலக மின்நுகர்வில் ஏறக்குறைய 1.5 விழுக்காடாகும். கருவிகளைக் குளிர்விக்கப் பல மையங்கள் நீரை ஆவியாக்குகின்றன. நீரைத் தவிர்க்கும் முறைகளோ பெரும்பாலும் கூடுதல் மின்சாரத்தை வேண்டுகின்றன. சுங்கை பூலோவை அடுத்த பழைய எல்மினா தோட்ட நிலத்தில் எழுந்த வணிகப் பூங்காவில், கூகுள் நிறுவனத்தின் முதல் மலேசியத் தரவு மையம் அமையும் என 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டது. ஆகவே, இது தோட்டப்புறச் சமூகத்திற்குத் தொலைவிலுள்ள சிக்கலன்று.

அளந்து அறிதல்

பல்கலைக்கழகங்களின் முதற்பணி அளத்தலாகும். 2019இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மொழி மாதிரிகளைப் பயிற்றுவிப்பதால் வெளியாகும் கரியமில வாயுவை மதிப்பிட்டு உலகின் கவனத்தை ஈர்த்தனர். அவற்றுள் ஒரு மதிப்பீடு பன்மடங்கு மிகையானது எனக் கூகுள் நிறுவன ஆய்வாளர்களும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரும் 2021இல் சுட்டிக்காட்டினர். நிறுவனங்கள் தம் கணக்கை வெளியிடாதவிடத்து ஆய்வாளர் ஊகிக்க வேண்டியுள்ளது என்பதே இதனால் பெறப்படும் பாடம். எனவே, தம் வளாகங்களில் நிகழும் கணிப்பொறி ஆய்வுகளின் மின்செலவை ஆய்வேட்டிலேயே குறிப்பிடும் வழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் ஏற்படுத்துதல் வேண்டும்.

தமிழ்த் துறைகளின் பொறுப்பு

இரண்டாவது பணி மொழி சார்ந்தது. மொழி மாதிரிகள் உரையைச் சிறு கூறுகளாகப் பிரித்தே கணிக்கின்றன. யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதுமானது. 'கு' என்னும் ஓரெழுத்துக்கு 6 பைட் தேவை. இதனாலும், பயிற்சித் தரவில் தமிழ் மிகக் குறைவாக இருப்பதாலும், தமிழ்ச் சொற்கள் அளவுக்கு மீறிச் சிதைக்கப்படுகின்றன. கூறுகள் பெருகுமளவுக்குக் கணிப்பும் மின்சாரமும் பெருகும். இக்குறை தீர்க்கக்கூடியதே. ஓப்பன் ஏஐ நிறுவனம் 2024இல் புதிய பகுப்பு முறையை வெளியிட்டபோது, எடுத்துக்காட்டாகத் தந்த தமிழ் உரையின் கூறுகள் 116இலிருந்து 35ஆகக் குறைந்தன. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏஐ4பாரத் குழுவினர் 2020இல் வெளியிட்ட 'இண்டிக்பெர்ட்', தமிழ் உட்பட 12 மொழிகளைக் கையாளும் சிறிய மாதிரியாகும். பெரிதே சிறந்தது என்னும் கருத்தை மறுபரிசீலனை செய்ய இது வாய்ப்பளிக்கிறது.

பகுபத இலக்கணமும் புணர்ச்சி விதிகளும் அறிந்த தமிழாசிரியரின் துணையின்றிச் செம்மையான சொற்பகுப்பு அமையாது. அவ்வாறே பெரட்டு, மங்கு, ஆயாக்கொட்டகை முதலிய தோட்டப்புற வழக்குகள் எந்தப் பெருமாதிரியிலும் உரிய இடம்பெறும் என எதிர்பார்ப்பதற்கில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சை, அவர்தம் இசைவுடன் பதிவு செய்து, செப்பனிட்டு, பொதுவில் வைப்பின், ஒரே பணியைப் பலரும் மீண்டும் மீண்டும் செய்து மின்சாரத்தை வீணாக்கும் நிலை குறையும். பெஸ்தாரி ஜெயாவில் வளாகம் கொண்டுள்ள சிலாங்கூர் பல்கலைக்கழகமும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது.

முடிவுரை

சிக்கனமான மாதிரிகள் மட்டுமே சுற்றுச்சூழலைக் காத்துவிடும் என்பதற்கில்லை. செலவு குறையக் குறையப் பயன்பாடு பெருகக்கூடும். ஆதலின் சிக்கனத்தோடு வெளிப்படையான கணக்கும் வேண்டும். பால்மரம் வெட்டிய காலத்தில் தொழிலாளர் கொண்டு வந்த பால் நிறுக்கப்பட்ட பின்னரே கணக்கில் ஏறியது. அத்தோட்ட நிலத்தில் இன்று எழும் கணிப்பொறி நிலையங்கள் எடுக்கும் நீரும் மின்சாரமும் அவ்வாறே நிறுக்கப்பட வேண்டும் எனக் கேட்கும் அறிவும் உரிமையும் நம் மாணவர்க்கு வாய்க்கச் செய்வது பல்கலைக்கழகங்களின் கடமையாகும்.